அடித்த இடத்தில் எழுதிய பெயர்

எங்கள் கெர்வலேக் ஊரில் அர்மேல் திரெவியானைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "நல்ல மனுஷன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பாதிப் பேர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் "நல்ல மனுஷன்தான், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனா"வை யாரும் முடித்ததில்லை. முடிக்கும்படியாக அவர் எதுவும் செய்து வைக்கவில்லை, டாக்டர் வந்த அந்த சனிக்கிழமை வரைக்கும்.

நான், லூர்து, காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி பிரான்சின் இந்த மேற்கு மூலைக்கு வந்து, ஊர் மன்ற அலுவலகத்தில் செயலாளராக உட்கார்ந்து, மழையும் காற்றும் பழகி, தலையும் நரைத்துவிட்டது. மேயர்கள் வருவார்கள், போவார்கள். சாவி என்னிடம்தான் இருக்கும். அதனால் இதில் பெரும்பகுதி என் கண்முன் நடந்தது. மீதியை அர்மேலின் மனைவி சொலேன் சொன்னாள். அவள் சொல்லும்போது நடுவில் சிரித்துவிடுவாள், அதனால் சில இடங்களை நானே ஊகித்துக்கொண்டேன்.

அர்மேலின் அப்பா ரயில்வேக்காரர். தொழிற்சங்கத்தில் கண்மூடித்தனமான பற்று. சிவப்புக் கொடியைத் துவைத்துக் காயப்போடாமல் அவருக்கு மே மாதம் பிறக்காது. அம்மா மாதா கோயில் பாட்டுக்குழுவில் முன்வரிசை. வலதுசாரிகளுக்கு ஓட்டுப் போடாதவன் மோட்சத்துக்குப் போகமாட்டான் என்று நம்பியவர். இந்த இரண்டு பேரும் எப்படிக் காதலித்தார்கள் என்று ஊரே வியந்தது. நடனக் கூடத்தில் சந்தித்தார்களாம். வாத்தியச் சத்தத்தில் ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழவில்லையாம்.

தேர்தல் வந்துவிட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். தூது போவதற்கு ஒரே பிள்ளை அர்மேல்.

"உங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லு, மாஸ்கோவுக்கே போய் சூப்பு குடிக்கச் சொல்லு!" என்பார் அம்மா.

பிள்ளை கூடத்துக்குப் போய், "அப்பா, சூப்பு ரெடியாம்" என்பான்.

"சாமியார் அங்கியப் பிடிச்சுக்கிட்டுத் திரியிறவ ஊத்துற சூப்பு எனக்கு வேணாம்னு சொல்லு!"

பிள்ளை சமையலறைக்குத் திரும்பி, "அப்பா கொஞ்ச நேரம் கழிச்சு சாப்பிடுறாராம்" என்பான்.

இப்படி இரண்டு பக்கத்துப் பேச்சையும் கழுவித் துடைத்துக் கொடுத்தே வளர்ந்தார். பெரியவரானதும் ஒரு வேன் வாங்கினார். அதற்குள் கண் பரிசோதனைச் சாமான்களையும் கண்ணாடிச் சட்டங்களையும் அடுக்கிக்கொண்டு, பண்ணை பண்ணையாகப் போய்க் கிழடுகட்டைகளுக்குக் கண்ணாடி மாட்டிவிடும் தொழில். நாள் முழுக்க அவர் வாயில் ஒரே கேள்வி: "இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

"அதத்தான் நானும் இத்தனை வருஷமாச் சொல்றேன்" என்பார் அர்மேல். அவர் எதைச் சொல்கிறார் என்று அந்தக் கிழவருக்குப் புரியாது.

கல்யாணப் பேச்சை எடுத்ததுகூட சொலேன்தான். "என்னக் கட்டிக்கிறியான்னு நேரா கேட்டேன் லூர்து. என்ன சொன்னாரு தெரியுமா? 'எல்லாப் பக்கமும் யோசிச்சுப் பாத்தா, கட்டிக்கலாம்னுதான் தோணுது.' அதக் கேட்டு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. நானும் ரெண்டையும் செஞ்சேன்."

அர்மேலை அதிகம் சீண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கொலெத் பிரிஜான், ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர், ஊர் இடதுசாரிகளின் தலைவி. இன்னொருவர் எர்வே காதியூ, பன்றிப் பண்ணைக்காரர், வலதுசாரிகளின் தலைவர். ஊரில் ஒரே காபிக்கடை என்பதால் இருவரும் ஒரே இடத்தில்தான் சண்டை போட வேண்டியிருந்தது.

"நடு ரோட்டுல நிக்கிறவன் மேல ரெண்டு பக்கத்து வண்டியும் ஏறும், அர்மேல்" என்றாள் கொலெத் ஒருநாள்.

"நீ ஓட்டுற வண்டின்னா நடைபாதையில நின்னாலும் ஏறும்" என்றார் காதியூ.

"உன் பன்னிங்கள முதல்ல ரோட்டுல விடாம இரு!"

"என் பன்னிங்க வேலிக்குள்ளதான் இருக்கு டீச்சர். உங்க கட்சிக்காரங்கதான் வேலி தாண்டித் திரியிறாங்க."

அர்மேல் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு முடிவெடுக்கத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்க. நான் எப்பவோ முடிவெடுத்துட்டேன். கொலெத் சொல்றதுல பாதி சரி. எர்வே சொல்றதுலயும் பாதி சரி. ரெண்டு பேரும் மத்த பாதியத்தான் சத்தமாச் சொல்றீங்க."

"எந்தப் பாதி சரி?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அத அமைதியாக் கேட்டாச் சொல்லுவேன்" என்றார். அமைதியாக யாரும் கேட்கவில்லை. கொலெத் அவரை மதில்மேல் பூனை என்றாள். காதியூ, பூனையாவது எப்போதாவது ஒரு பக்கம் குதிக்கும் என்றார்.

அந்த வருஷம் ஊர் மன்றத் தேர்தல் வந்தது. எங்கள் ஊரைப் போன்ற சின்ன ஊர்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுச் சீட்டில் பிடிக்காத பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு வேட்பாளர் பெயரை எழுதலாம். கொள்கை கோட்பாடெல்லாம் மேடையில்தான். தனித் தடுப்புக்குள் போனதும் மனிதர்களுக்கு வேலித் தகராறும் நாய் குரைத்ததும்தான் நினைவுக்கு வரும். கொலெத் அணியில் பதினைந்து பேர், காதியூ அணியில் பதினைந்து பேர். அர்மேல் தன்னந்தனியாக, தன் ஒற்றைப் பெயரை மட்டும் அச்சடித்துக்கொண்டு நின்றார். பிரச்சாரமும் செய்யவில்லை. கண்ணாடி மாட்டிவிடும்போது கேட்டவர்களிடம் "ஆமா, நிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான்.

ஓட்டு எண்ணினோம். இடது சீட்டுகளில் யாராவது ஒருவரை அடித்திருந்தார்கள். வலது சீட்டுகளிலும் அப்படியே. அடித்த இடம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று நினைத்தார்களோ என்னவோ, அங்கெல்லாம் அர்மேல் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். சிலர் பக்கத்தில் "பாவம்" என்றும் எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டுகள் செல்லாமல் போயின. அப்படிப் போயும் ஊரிலேயே அதிக ஓட்டு வாங்கியவர் அர்மேல்.

மன்றத்தில் மொத்தம் பதினைந்து இடம். இடது ஏழு. வலது ஏழு. அர்மேல் ஒன்று.

மேயரை மன்ற உறுப்பினர்கள்தான் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் அர்மேல் வீட்டு அடுப்பில் பூனை தூங்கியது. இடது பக்கத்திலிருந்து ஆப்பிள் பணியாரமும் கோதுமைத் தோசையும் வரும். வலது பக்கத்திலிருந்து பன்றியிறைச்சி ஐந்து தினுசில் வரும். "இது வருஷா வருஷம் நடந்தா நல்லாருக்கும்" என்றாள் சொலேன். அர்மேல் இரண்டு பக்கத்துச் சாப்பாட்டையும் சம அளவு சாப்பிட்டு, இரண்டு பக்கமும் இடுப்பு பெருத்தார்.

கூட்டத்தன்று முதல் சுற்று. சீட்டுகளை நான்தான் பிரித்து வாசித்தேன். கொலெத் ஏழு. காதியூ ஏழு. ஒரு சீட்டில் கொலெத் பெயரும் அதற்குக் கீழே காதியூ பெயரும் இருந்தன. செல்லாது. இரண்டாவது சுற்று. மறுபடி ஏழு, ஏழு. ஒரு சீட்டில் இந்தமுறை காதியூ மேலே, கொலெத் கீழே. ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா!

மூன்றாவது சுற்றுக்கு முன் சட்டத்தில் எழுதியிருப்பதை நான் வாசித்தேன்: இதிலும் ஓட்டு சமமானால், வயதில் மூத்தவரே மேயர்.

ஊரில் அதுவரை கொலெத்தின் வயதைக் கேட்கும் துணிச்சல் எவனுக்கும் வந்ததில்லை. அன்று அவளே எழுந்து நின்று, "நான் எர்வேயவிட நாலு வயசு பெரியவ!" என்று கூரை அதிரச் சொன்னாள்.

காபிக்காகக் கூட்டத்தை நிறுத்தினோம். அர்மேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மாதாம் லூர்து, நான் யாருக்கும் போடாம விட்டா அது நடுநிலைதானே?"

"இல்ல மிஸ்யே. ஓட்டு சமமாயிடும். கொலெத்துக்குப் போட்ட மாதிரிதான்."

"ரெண்டு பேருக்கும் போட்டா?"

"செல்லாது. அதுவும் கொலெத்துக்குத்தான்."

"என்ன அநியாயம் இது! ஒரு மனுஷன் நடுவுல நிக்கக்கூட சட்டம் விடாதா?"

அவருடைய முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. கையில் இருந்த பிஸ்கோத்தைக் கொடுத்தேன். பாதியை உடைத்து எனக்கே திருப்பித் தந்தார்.

அதே நேரம் காதியூ தன் ஆட்களைச் சைக்கிள் கொட்டகைக்குக் கூட்டிப்போய், "டீச்சர் மேயரானா நம்மள தினமும் எழுந்து நிக்க வெப்பா. அதுக்கு அந்தக் கண்ணாடிக்காரன் தேவலாம், எல்லாரும் அவனுக்கே போடுங்க" என்றாராம். கொலெத்தின் ஆட்கள், அவளுக்குத் தெரியாமல், நூலகத்தில் கூடிப் பேசினார்களாம்: "அர்மேல் கடைசி நிமிஷத்துல பன்னிக்காரனுக்குப் போட்டுட்டா மோசம் போயிடுவோம். அவனையே மேயராக்கிட்டா அந்தத் தொல்லை இல்ல."

மூன்றாவது சுற்று. அர்மேல் திரெவியான், பதின்மூன்று. கொலெத் பிரிஜான், ஒன்று. அதைப் போட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கடைசிச் சீட்டில் இரண்டு பெயர்களையும் எது முதல் எது கடைசி என்று தெரியாதபடி வட்டமாக எழுதியிருந்தது. நான் சீட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்துவிட்டு, செல்லாது என்றேன்.

மேயர் அணியும் மூவர்ணப் பட்டையை மாட்டிவிட்டபோது அர்மேல் என் காதில், "இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்குதா?" என்று கேட்டார்.

மேயராக அவர் மோசமில்லை. சாலைக் குழிகளை அடைத்தார். இடது ஓரத்தில் ஒரு குழி, வலது ஓரத்தில் ஒரு குழி என்று மாற்றி மாற்றி. பெரிய சோதனை டாக்டர் விஷயத்தில் வந்தது. எங்கள் ஊர் டாக்டர் ஓய்வு பெற்றுப்போய் இரண்டு வருஷமாக ஆளில்லை. ஊசி போடக்கூட ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டும். கிராமத்துக்கு வர எந்த டாக்டரும் தயாரில்லை. கடைசியில் ருமேனியாவிலிருந்து டாக்டர் முந்தியானு என்று ஒரு பெண் வர ஒப்புக்கொண்டாள். மன்றத்தில் எல்லாரும் கைதட்டினோம். கைதட்டல் அடங்குவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"ஊர் மன்றம் அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். வைத்தியம் வியாபாரம் இல்ல" என்றாள் கொலெத்.

"சொந்தமா நடத்தட்டும். அப்பத்தான் வேலை நடக்கும். சம்பளக்கார டாக்டர் நாலு மணிக்குக் கதவச் சாத்திடுவாரு" என்றார் காதியூ.

மூன்று கூட்டம் இதே பேச்சு. நாலாவது கூட்டத்தில் அர்மேல் தொண்டையைச் செருமினார். "காலையில மன்றத்துச் சம்பளம். மத்தியானத்துக்கு மேல சொந்த வைத்தியம். டாக்டருக்கு சம்மதம்னு ஃபோன்ல சொல்லிட்டாங்க."

அது உண்மையிலேயே நல்ல யோசனை. அதனால் யாருக்கும் பிடிக்கவில்லை, ஆனாலும் கை தூக்கினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் குடியிருக்கப் போகும் வீட்டின் ஜன்னல் கதவுகளுக்கு வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட ஜன்னல்களைப் போல சிவப்பு வேண்டும் என்றாள் கொலெத். கோயில் கதவைப் போல நீலம் வேண்டும் என்றார் காதியூ. டாக்டரைப் பற்றிப் பேசியதைவிட அதிக நேரம் இதைப் பேசினார்கள். மன்றத்துக் கிடங்கில் ஒரு டின் சிவப்பும் ஒரு டின் நீலமும் ஏற்கெனவே கிடந்தன. அர்மேல் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தானே சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினார்.

சனிக்கிழமை காலையில் ஊர் கண் விழித்தபோது, கோயிலுக்கு எதிரே ஒரு வீடு முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் ஜன்னல்கள் பளபளத்தன. அப்பட்டமான வயலெட். பத்து வீடு தள்ளியும் கண்ணைக் குத்தியது.

"ஐயோ, செத்தவன் உதடு மாதிரி இருக்கே!" என்றாள் கொலெத்.

"என் பன்னிகூட இந்த வீட்டுக்குள்ள போவாது" என்றார் காதியூ.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் முதன்முறையாக ஒரே கருத்து. அந்த அதிர்ச்சியில் காதியூ அவளுக்குத் தன் குடையை நீட்டினார். காபிக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து "வயலெட் எதிர்ப்புக் குழு" அமைத்தார்கள். மத்தியானத்துக்குள் அட்டைகள் தயார். டீச்சர் கையெழுத்து, அழகாக இருந்தது. காதியூ தன் டிராக்டரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார். ஊர் மொத்தமும் அந்த வீட்டின் முன் கூடி, இடதும் வலதும் தோளோடு தோள் உரசி, ஒரே குரலில் கத்தியது:

"வயலெட் வேணாம்! வயலெட் வேணாம்! வயலெட்டே வெளியே போ!"

அர்மேல் வாசல்படியில் மூவர்ணப் பட்டையோடு நின்றார். டாக்டரை வரவேற்கக் கையில் பூங்கொத்து. அவமானத்தில் காது சிவந்திருந்தாலும், மனிதர் உள்ளூர மகிழ்ந்துபோயிருந்தார் என்று சொலேன் சத்தியம் செய்கிறாள். "பாத்தியா சொலேன், ரெண்டு பேரும் ஒரே அட்டையப் பிடிச்சிருக்காங்க!" என்று அவளிடம் கிசுகிசுத்தாராம்.

அந்த நேரம் பார்த்து டிராக்டருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. பின் சீட்டில் கட்டில் மெத்தை, கூண்டுக்குள் ஒரு பச்சைக்கிளி. உள்ளே இருந்தவள் முப்பது வயதுப் பெண். கண்ணாடியை இறக்கி, கூட்டத்தைப் பார்த்தாள். அட்டைகளைப் படித்தாள். கூச்சலைக் கேட்டாள். அவளுடைய முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கிளி உற்சாகமாக "வெளியே போ!" என்றது. அவள் காரைப் பின்னால் எடுக்கத் தொடங்கினாள்.

எனக்குத்தான் சட்டென்று உறைத்தது. அவளுடைய நியமனத் தாளைத் தட்டச்சு செய்தவள் நான். "டாக்டர் முந்தியானு" என்றே எல்லாரும் பேசிப் பேசி, அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதை ஊரே மறந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் வயலெட்டா.

"மிஸ்யே அர்மேல்!" என்று கத்தினேன். "டாக்டர் பேரே வயலெட்டா! அவங்களத்தான் வேணாங்கிறோம்னு நெனைச்சுட்டாங்க!"

பிறகு நடந்ததை ஊரில் இன்னும் சொல்கிறார்கள். எந்தப் பக்கமும் சாயாமல் ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த மனிதர், பூங்கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை இரண்டாகப் பிளந்து, பட்டை காலில் சிக்கச் சிக்க ஓடினார். தொண்டை கிழியக் கத்தினார்:

"வயலெட் வேணும்! வயலெட் வேணும்! எங்களுக்கு வயலெட்தான் வேணும்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. "அடேய், இந்த ஆளு ஒரு பக்கம் சேந்துட்டான்டா!" என்றார் காதியூ. அர்மேல் பெயின்டுக்காகத்தான் இப்படிக் கொதிக்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாக எதிர்க்கோஷம் போட்டார்கள். கார் வேகமெடுக்கப் பார்த்தது. ஆனால் பின்னால் காதியூவின் மகன் இரண்டாவது டிராக்டரோடு வந்து வழியை அடைத்துவிட்டிருந்தான். முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் டாக்டர் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

அர்மேல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "ஜன்னல்... பெயின்டு... நீங்க இல்ல..." என்று ஏதோ சொன்னார். பிறகு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். தொழில் புத்தி. நாடியைப் பிடித்தாள், கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள்.

"மூச்ச நல்லா இழுங்க. வலிக்குதா? எந்தப் பக்கம்?"

அர்மேல் இடது விலாவைத் தொட்டார். வலது விலாவைத் தொட்டார். கடைசியில் நெஞ்சுக்குழியில் கை வைத்து, "நடுவுலதான் டாக்டர்" என்றார்.

கூட்டத்தில் முதலில் சிரித்தது கொலெத். அப்புறம் காதியூ. அந்தச் சிரிப்பு தெருவெல்லாம் பரவி அடங்கியதும் டீச்சரே முன்வந்து, அட்டையில் இருப்பது நிறத்தின் பெயர்தான் என்று டாக்டருக்குப் பாடம் நடத்துவதுபோல் விளக்கினாள். டாக்டர் ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்காகவா என் பேரு நிறத்துல அடிச்சீங்க?"

ஊரே அர்மேலைப் பார்த்தது. அவர் சாலையில் உட்கார்ந்தபடி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நிறத்தை மாற்ற யாருக்கு மனம் வரும்? அட்டைகளை அன்று மாலையே பண்ணை வேலிக்கு முட்டாக வைத்துவிட்டார்கள்.

வயலெட்டா தங்கிவிட்டாள். மன்றம் சம்பளம் தரும் காலை நேரத்தில் இடதுசாரி நோயாளிகளும், சொந்த வைத்தியம் நடக்கும் மத்தியானத்தில் வலதுசாரி நோயாளிகளும் வந்தார்கள். அதை அவர்களாகவே அப்படி வைத்துக்கொண்டார்கள். இருமல் ஒன்றுதான். அர்மேல் மட்டும் சரியாக டாக்டர் சாப்பிடும் நேரத்துக்குப் போய்க் கதவைத் தட்டுவார்.

பதவிக்காலம் முடிந்தபோது இரண்டு அணிகளும் அவரை முதல் பெயராக நிறுத்த வந்து நின்றன. யோசித்துச் சொல்கிறேன் என்றார். நன்றாகத்தான் யோசித்தார். வேட்புமனு கொடுக்கும் தேதி போன வாரமே முடிந்துவிட்டது என்று நான் சொன்னதும், பெரிய பாரம் இறங்கியவர் போல நாற்காலியில் சாய்ந்தார். கொலெத் மேயரானாள். காதியூவைத் தன் முதல் துணை மேயராக வைத்துக்கொண்டாள். இப்போதும் காபிக்கடையில் இருவரும் கத்திக்கொள்கிறார்கள், ஆனால் ஒரே மேசையில்.

போன மாதம் டாக்டர் அர்மேலுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, உப்பு வெண்ணெயை அடியோடு விடச் சொன்னாளாம். நம்ம மனிதர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, எவ்வளவோ பேரைச் சமாதானம் செய்த அதே குரலில் ஆரம்பித்தார்.

"டாக்டர், உங்க பக்கமும் நியாயம் இருக்கு. வெண்ணெய் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. பாதியாக் குறைச்சுக்கிட்டா..."

"பாதியெல்லாம் கிடையாது, மிஸ்யே திரெவியான்."

"கால்?"

"கிடையாது."

வீட்டுக்கு வந்து அதைச் சொலேனிடம் முறையிட்டாராம். அன்று முதல் சொலேன் முழுக்க முழுக்க டாக்டர் கட்சி. வெண்ணெய்ப் பெட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன்.